வடமேற்குக் கடல்வழி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் பணியில் இருப்பவர்கள், கடல்சார் கல்லூரி மாணவர்கள், "ஆர்க்டிக்கில் புதிய கப்பல் பாதை" என்று செய்தியில் படித்துவிட்டு ஆர்வத்தோடு கேட்பவர்கள் என எல்லோரிடமிருந்தும் எனக்கு வருபவை ஏறக்குறைய இதே கேள்விகள்தாம். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். துருவக் கடல்கள் அனைத்தையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒரே வழியை முழுமையாகப் பார்ப்பது பயன் தரும். அதனால் கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு இடையே செல்லும் வடமேற்குக் கடல்வழியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

வடமேற்குக் கடல்வழி என்பது சரியாக எங்கே இருக்கிறது? வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்ட முடியுமா?

ஒரு கோட்டில் அடங்காது. கிரீன்லாந்துக்கும் பாஃபின் தீவுக்கும் நடுவிலுள்ள பாஃபின் விரிகுடாவில் நுழைந்து, அலாஸ்காவுக்கு அப்பால் பெரிங் நீரிணை வழியாகப் பசிபிக்கில் இறங்க வேண்டும். இடையில் 36,000க்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே போகக்கூடிய பல வழிகளைச் சேர்த்துத்தான் இந்தப் பெயரால் அழைக்கிறோம்.

முக்கியமானவை இரண்டு. வடக்கு வழி லங்காஸ்டர் சவுண்டில் நுழைந்து ஏறக்குறைய நேராக மேற்கே மெக்ளூர் நீரிணை வரை செல்கிறது. ஆழமானது, பெரிய கப்பலுக்கு ஏற்றது. ஆனால் அதன் மேற்கு வாயிலில் பல ஆண்டுகள் உருகாமல் முதிர்ந்த பனி வந்து அடைத்துக்கொள்கிறது. தெற்கு வழி பாதியில் தெற்கே திரும்பி, கிங் வில்லியம் தீவை ஒட்டிச் சென்று, கனடாவின் பெருநிலக் கரையோரமாகப் போகிறது. அங்கே பனி குறைவு, ஆழமும் குறைவு. கீழே வரும் பல பதில்கள் இந்த வேறுபாட்டைச் சார்ந்தவை.

இதை முதலில் கடந்தவர் ஆமுண்ட்சென் என்று பள்ளியில் படித்தேன். மெக்ளூர் என்றும் சிலர் சொல்கிறார்களே, எது சரி?

இரண்டுமே ஒருவகையில் சரி. ராபர்ட் மெக்ளூர் பெரிங் நீரிணைப் பக்கமிருந்து வந்தார். அவருடைய 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் பனியில் சிக்கிக்கொண்டதால் 1853இல் அதைக் கைவிட்டு, ஆட்களோடு பனிமேல் நடந்து, கிழக்கிலிருந்து வந்த வேறு பிரிட்டிஷ் கப்பல்களை அடைந்து ஊர் திரும்பினார். பாதி கப்பலிலும் பாதி காலாலும் கடந்த பயணம் அது. பிரிட்டன் நாடாளுமன்றம் அதற்கு 10,000 பவுண்டு பரிசளித்தது.

ஒரே கப்பலில் முழுவதையும் முதலில் கடந்தவர் நார்வேயின் ரோல் ஆமுண்ட்சென். 1903இல் புறப்பட்டு 1906இல் முடித்தார். அவருடைய 'யோவா' 47 டன் எடையுள்ள பழைய மீன்பிடிப் படகு, அதில் அவரையும் சேர்த்து ஏழே பேர். சிறிய படகு என்பதுதான் அவருடைய வெற்றிக்குக் காரணம். கிங் வில்லியம் தீவின் கிழக்குப் பக்கமுள்ள ஆழமில்லாத ரே நீரிணை வழியாக அவரால் நுழைய முடிந்தது. அந்தத் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கி, அங்கே வாழும் நெட்சிலிக் இனுயிட் பழங்குடி மக்களிடம் உடை தைப்பது முதல் நாய் வண்டி ஓட்டுவது வரை கற்றுக்கொண்டார். 1911 டிசம்பர் 14 அன்று அவரைத் தென் துருவத்தில் கொண்டுபோய் நிறுத்தியதில் அந்தப் பாடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஃபிராங்க்ளினுடன் போன 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லையாமே. அவ்வளவு பெரிய கடற்படைக்கு என்ன ஆயிற்று?

1845 மே மாதம் 'எரபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின் இந்த வழியைத் தேடிப் புறப்பட்டார். நீராவி இயந்திரம், மூன்று ஆண்டுக்கான உணவு, நூலகம் என்று அன்றைய பிரிட்டனால் தர முடிந்த அனைத்தும் கப்பலில் இருந்தன. முதல் குளிர்காலத்தை பீச்சி தீவில் கழித்தார்கள். மூன்று கல்லறைகள் அங்கே இன்றும் உள்ளன. 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவின் வடமேற்கே கப்பல்கள் பனியில் உறைந்து நின்றன. அடுத்த கோடையிலும் அந்தப் பனி விடவில்லை. வடக்கிலிருந்து முதிர்ந்த பனி இடைவிடாமல் இறங்கி வந்து குவியும் இடம் அது. ஆமுண்ட்சென் போன கிழக்குப் பக்க வழி அப்போதைய ஐரோப்பிய வரைபடங்களில் இல்லை.

1847 ஜூன் 11 அன்று ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில், அதற்குள் இறந்திருந்த 24 பேர் போக எஞ்சிய 105 பேர் கப்பல்களை விட்டிறங்கித் தெற்கு நோக்கி நடந்தார்கள். இவ்வளவையும் நமக்குச் சொல்வது, கற்குவியல் ஒன்றில் அவர்கள் விட்டுச்சென்ற ஒரே ஒரு தாள். பசி, குளிர், நோய் எல்லாம் சேர்ந்து அவர்களைக் கொன்றன. உடலில் கலந்த ஈயமும் காரணமாகச் சொல்லப்பட்டது, ஆனால் அது எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது அதற்குப் பின் நடந்தது. 1854இல் ஜான் ரே என்ற மருத்துவர் இனுயிட் மக்களிடம் விசாரித்து, பட்டினியால் செத்தவர்களின் உடலை உயிரோடிருந்தவர்கள் உண்ண நேர்ந்தது என்ற செய்தியைக் கொண்டுவந்தார். லண்டன் அதை ஏற்கவில்லை. 'காட்டுமிராண்டிகளின் பேச்சு' என்று ஒதுக்கியது. ரேயின் பெயரும் கெட்டது. பின்னாளில் கிடைத்த எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருந்தன. 2024இல் மரபணுச் சோதனை மூலம் அடையாளம் காணப்பட்ட எரபஸ் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடை எலும்பிலும் இருந்தன. கப்பல் மூழ்கிய இடங்களைப் பற்றியும் இனுயிட் முன்னோர் சொல்லிவந்தது வீண்போகவில்லை. எரபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கண்டுபிடிக்கப்பட்டன. டெரரைத் தேடியவர்களுக்கு இடத்தைச் சொன்னவர் கிங் வில்லியம் தீவில் வாழும் ஓர் இனுயிட் வேட்டைக்காரர்.

இப்போதுதான் பனி உருகுகிறதே. இனிமேல் சரக்கெல்லாம் இந்த வழியாகத்தானே போகும்?

போகாது என்றே நினைக்கிறேன், குறைந்தது கண்ணுக்கெட்டிய காலம் வரை. தூரம் குறைவு என்பது உண்மைதான். 2013இல் 'நார்டிக் ஓரியன்' என்ற கப்பல் வான்கூவரிலிருந்து பின்லாந்துக்கு நிலக்கரி ஏற்றிச் சென்றது. பனாமா வழியைவிடச் சுமார் 1,000 கடல் மைல் மிச்சமானது. பனாமா கால்வாயின் ஆழக் கட்டுப்பாடு இல்லாததால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதல் சரக்கையும் ஏற்ற முடிந்தது. அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. அதை வைத்து எழுந்த எதிர்பார்ப்புதான் இன்னும் ஓயவில்லை.

பனி குறைவதால் வழி உடனே திறந்துவிடுவதில்லை. வடக்குத் தீவுகளுக்கிடையே முன்பு அணைபோல நின்ற பனி உடையும்போது, அதற்குப் பின்னாலிருந்த முதிர்ந்த பனி தெற்கே நழுவி, கப்பல் போகும் நீரிணைகளில் வந்து சேர்கிறது. ஓராண்டுப் பனியில் உப்பும் உப்புநீரும் மிகுதியாக இருப்பதால் அது சற்று மென்மையானது. பல கோடைகளைத் தாண்டிய பனியில் உப்பு வடிந்து அது இறுகிவிடுகிறது. அதன் சிறு துண்டுகூடக் கப்பலின் தகட்டைக் கிழித்துவிடும். ஃபிராங்க்ளினை மறித்த அதே ஓட்டம்தான் இது.

கண்டெய்னர் வணிகத்துக்குத் தேவை நாள் தவறாத வருகை. இந்த வழியில் எந்த வாரம் எந்த நீரிணை அடைபடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இடையில் ஒதுங்கப் பெரிய துறைமுகம் இல்லை. காப்பீட்டுச் செலவும் அதிகம். போக்குவரத்து கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி அங்குள்ள ஊர்களுக்குப் பொருள் கொண்டுசெல்பவை, சுரங்கத்துக்கு வருபவை, சுற்றுலாக் கப்பல்கள்.

ரஷ்யாவின் வழியும் இதுவும் ஒன்றுதானா? சென்னை–விளாடிவோஸ்டாக் பாதையும் இதில் சேருமா?

மூன்றும் வேறு வேறு. ரஷ்யாவின் சைபீரியக் கரையோரம் செல்வது வடகடல் வழி. அங்கே பனி விரைவாக விலகுகிறது, அணுசக்தியில் ஓடும் பனியுடைப்புக் கப்பல்கள் துணைக்கு உண்டு, எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றும் துறைமுகங்களும் உண்டு. ஆகவே போக்குவரத்து பல மடங்கு அதிகம். 2019இல் பேசத் தொடங்கிய சென்னை–விளாடிவோஸ்டாக் பாதை மலாக்கா நீரிணை, தென் சீனக் கடல் வழியாகச் செல்வது. அது துருவ வழியே அல்ல. விளாடிவோஸ்டாக்கிலிருந்து மேலும் வடக்கே போனால் வடகடல் வழியோடு இணைக்கலாம் என்ற நோக்கம் இருப்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

எந்தக் கப்பலும் போகலாமா? நம் ஊர் மாலுமிகள் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டுமா?

2017 ஜனவரி 1 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் துருவ விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. துருவக் கடலில் நுழையும் பயணிகள் கப்பலுக்கும் பெரிய சரக்குக் கப்பலுக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். எவ்வளவு பனியைத் தாங்கும் என்பதைப் பொறுத்துக் கப்பல்கள் ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. கப்பலை விட்டு இறங்க நேர்ந்தால் குறைந்தது ஐந்து நாள் உயிரோடிருக்க ஏற்ற கருவியும் உணவும் உடையும் இருக்க வேண்டும். மீட்புக்கு வர அவ்வளவு நாள் ஆகலாம் என்பதே அதன் பொருள். கேப்டனுக்கும் கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளுக்கும் துருவப் பயிற்சிச் சான்று 2018 ஜூலை முதல் தேவைப்படுகிறது. அடிப்படை, மேல்நிலை என்று இரு படிகள் உண்டு. எந்த நாட்டுக் கொடியுள்ள கப்பலில் வேலை செய்தாலும் இது பொருந்தும். இவற்றுக்கு மேல் கனடாவும் சொந்த விதிகள் வைத்திருக்கிறது. 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைவதற்கு முன் தகவல் தருவது 2010 முதல் அங்கே கட்டாயம்.

இவ்வளவு கடுமை ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2010 ஆகஸ்டில் 'கிளிப்பர் அட்வென்ச்சரர்' என்ற சுற்றுலாக் கப்பல் தெற்கு வழியில் கடலடிப் பாறைமேட்டில் மோதி நின்றது. கப்பலில் இருந்த வரைபடத்தில் அந்த மேடு இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது கண்டறியப்பட்டு மாலுமிகளுக்கு எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. கப்பலில் அதை யாரும் பார்த்திருக்கவில்லை. பயணிகள் இரண்டு நாள் காத்திருந்த பிறகு பனியுடைப்புக் கப்பல் வந்து மீட்டது. கடல் அமைதியாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கடலில் நவீன முறையில் அளக்கப்பட்ட பகுதி இன்றும் குறைவு. காந்தத் துருவத்தின் அருகில் திசைகாட்டியை நம்ப முடியாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் அடிவானத்தை ஒட்டி இருப்பதால் அவற்றின் வழியான தொலைத்தொடர்பும் அறுபடும்.

தீவுகளெல்லாம் கனடாவுடையவை என்றால் நடுவிலுள்ள தண்ணீரும் கனடாவுடையதுதானே? என்ன தகராறு?

தீவுகளைப் பற்றித் தகராறே இல்லை. பிரிட்டன் 1880இல் அவற்றைக் கனடாவிடம் ஒப்படைத்தது. இன்று யாரும் அதை மறுப்பதில்லை. கேள்வி வேறு: அந்நியக் கப்பல் ஒன்று கேட்காமல் உள்ளே வந்தால் கனடா அதைத் தடுக்க முடியுமா?

கனடா சொல்வது: இது எங்கள் உள்நாட்டு நீர்ப்பரப்பு, ஓர் ஏரி எங்களுக்கு எப்படியோ அப்படி, வர வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். அமெரிக்கா சொல்வது: தண்ணீர் கனடாவின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும், ஆனால் இரண்டு பெருங்கடல்களை இணைப்பதால் இது சர்வதேச நீரிணை, எல்லா நாட்டுக் கப்பல்களும் தடையின்றிக் கடக்கலாம். வேறுபாடு சின்னதல்ல. நீரிணை என்று ஆகிவிட்டால் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கியபடியே போகலாம், விமானங்கள் மேலே பறக்கலாம்.

கிரேக்கத்தின் கார்ஃபு தீவுக்கும் அல்பேனியாவுக்கும் நடுவிலுள்ள கார்ஃபு நீரிணை பற்றிய வழக்கில் 1949இல் சர்வதேச நீதிமன்றம் இரண்டு அடையாளங்களைச் சொன்னது. இரண்டு கடற்பகுதிகளை இணைக்க வேண்டும், சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். முதல் அடையாளம் இங்கே தெளிவாக இருக்கிறது. இரண்டாவதுதான் சிக்கல். இவ்வளவு குறைவான பயணங்களை, அதிலும் பெரும்பாலும் கனடாவின் ஒப்புதலோடு நடந்தவற்றை, 'பயன்பாடு' என்று எப்படிச் சொல்வது என்று கனடா கேட்கிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அமெரிக்கா அனுமதி கேட்காமல் கப்பல் அனுப்பியது உண்மையா?

உண்மை. இந்தக் கடலின் சட்டமே அப்படிப்பட்ட இரண்டு பயணங்களால் உருவானது. அலாஸ்காவில் 1968இல் எண்ணெய் கிடைத்ததும், அதைக் கப்பலில் கிழக்குக் கரைக்குக் கொண்டுவர முடியுமா என்று சோதிக்க 1969இல் 'மன்ஹாட்டன்' என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பல் அனுப்பப்பட்டது. மெக்ளூர் நீரிணையின் பனியில் சிக்கி, வேறு வழியாகத் திரும்ப வேண்டியதாயிற்று. கனடாவின் 'ஜான் ஏ. மெக்டொனால்ட்' என்ற பனியுடைப்புக் கப்பல் கூடவே சென்று உதவியது. திரும்பும்போது அடையாளமாக ஒரே ஒரு பீப்பாய் எண்ணெய் ஏற்றிவந்தார்கள். பிறகு எண்ணெய்க்குக் குழாய்தான் போட்டார்கள்.

கனடா அதிர்ந்துபோனது. அப்படியொரு கப்பல் நிறைய எண்ணெயோடு உடைந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில், கரையிலிருந்து 100 கடல் மைல் வரை மாசைத் தடுக்கும் சட்டத்தை 1970இல் இயற்றியது. சர்வதேசச் சட்டத்தில் அன்று அதற்கு இடமில்லை என்று தெரிந்தே செய்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பேசிப் பேசி, 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 234ஆம் பிரிவாக அதற்கு இடம் பெற்றது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும் கடலில், கரையோர நாடு மாசைத் தடுக்கத் தனி விதி இயற்றலாம் என்பதே அந்தப் பிரிவு.

இரண்டாவது, 1985இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 'போலார் சீ' என்ற பனியுடைப்புக் கப்பல். அமெரிக்கா தகவல் மட்டும் தந்தது. கேட்காத அனுமதியைக் கனடா தானாகவே கொடுத்தது. கொதித்துப்போன கனடியர்கள் சிலர் சிறு விமானத்தில் சென்று கப்பல்மேல் தங்கள் கொடிகளைப் போட்டார்கள். அடுத்த மாதமே, எல்லாத் தீவுகளையும் சுற்றி நேர்கோடுகளால் எல்லை வரையப்படும் என்று அரசு அறிவித்தது. 1986 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1988இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன: அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் கனடாவின் ஒப்புதலோடு போகும், ஆனால் அதனால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறாது.

அண்டார்டிகாவுக்கு இருப்பதுபோல இங்கேயும் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டால் தீராதா?

தீராது. அண்டார்டிகா கடல் சூழ்ந்த நிலம். அங்கே குடிமக்கள் இல்லை. ஏழு நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளை 1959 ஒப்பந்தம் அப்படியே நிறுத்திவைத்தது. ஆர்க்டிக் நாடுகள் சூழ்ந்த கடல். கரையெல்லாம் யாரோ ஒரு நாட்டுக்கு உரியது. அங்கே கடல் சட்டமே போதும் என்று ஐந்து கரையோர நாடுகள் 2008இல் கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் அறிவித்தன. 1996இல் தொடங்கிய ஆர்க்டிக் கவுன்சிலில் எட்டு உறுப்பு நாடுகள். இந்தியா 2013 முதல் பார்வையாளர். ஆனால் கவுன்சிலுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை.

2007இல் ரஷ்யா வடதுருவத்தில் கொடி நட்டதே, அதனால் இந்த வழியும் பாதிக்கப்படுமா?

பாதிக்காது. அது 4,000 மீட்டருக்கும் கீழே உள்ள கடலடி நிலத்தின் வளங்களைப் பற்றியது. கொடியால் எந்த உரிமையும் வராது. இங்கே பேசுவது மேலே போகும் கப்பலைப் பற்றி.

கனடா 1986இல் கோடு வரைந்ததால்தானே அது உள்நாட்டு நீர் ஆனது? அப்படியானால் அதற்கு முன் இருந்த உரிமை போய்விடுமா?

நல்ல கேள்வி, சட்ட மாணவர்கள் மட்டுமே கேட்பது. கடல் சட்ட உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, புதிதாகக் கோடு வரைந்து ஒரு கடலை உள்ளே அடக்கினால் பிற நாட்டுக் கப்பல்கள் அமைதியாகக் கடந்து போகும் உரிமை தொடரும் என்கிறது. கோட்டை மட்டும் நம்பினால் கனடா இதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே, தன் உரிமை வரலாற்று வழி வந்தது, கோடு அதன் எல்லையைக் காட்டுகிறதே தவிர உருவாக்கவில்லை என்று அது வாதிடுகிறது. கோடு வரைந்தபோது கனடா அந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கவில்லை, 2003இல்தான் சேர்ந்தது என்பதையும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். வரலாற்று உரிமை என்றால் யாருடைய வரலாறு? அதற்குத்தான் அடுத்த கேள்வி.

அங்கே வாழும் மக்களை யாராவது கேட்டார்களா?

நெடுங்காலம் கேட்கவில்லை. 1953இல் கியூபெக்கின் வடபகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களை வடகோடியிலுள்ள ரெசலூட், கிரைஸ் ஃபியோர்டு ஆகிய இடங்களுக்கு அரசு கொண்டுபோய் விட்டது. பழக்கமில்லாத இருளிலும் குளிரிலும் அவர்கள் பட்டது கொடுமை. நாட்டின் உரிமையைக் காட்டும் கொடிக்கம்பங்களாக எங்களை நட்டார்கள் என்று பின்னாளில் அவர்கள் கூறினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

இனுயிட் மக்களும் கனடா அரசும் செய்துகொண்ட 1993ஆம் ஆண்டின் நூனவுத் ஒப்பந்தத்தில், இந்த நீர்ப்பரப்பின்மேல் கனடாவுக்குள்ள உரிமையை இனுயிட் மக்களின் பயன்பாடும் குடியிருப்பும் தாங்கி நிற்கின்றன என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டில் பாதிக்கு மேல் அந்தக் கடல் அவர்களுக்கு நடக்கும் நிலம். அதன்மேல் வேட்டையாடினார்கள், பனிவீடு கட்டித் தங்கினார்கள், தீவுக்குத் தீவு உறவினரைப் பார்க்கப் போனார்கள். கனடாவின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுதான் என்பது என் கருத்து. அதனாலேயே, அந்த மக்களின் சொல்லுக்கு இடம் தராத எந்தக் கப்பல் கொள்கையும் கனடாவின் காலடி மண்ணைத் தானே தோண்டுவதாகும்.

இது உணர்ச்சிப் பேச்சு அல்ல. இலையுதிர் காலத்தில் விக்டோரியா தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கரிபூ மான்கள் புதுப்பனிமேல் கடக்கின்றன. ஒரு கப்பல் அந்தப் பனியை உடைத்தால் மான்கள் தடைபடும், தண்ணீரில் விழும். வேட்டைக்காரரின் வழியும் அறுபடும். பாஃபின் தீவின் இரும்புச் சுரங்கத்திலிருந்து கப்பல்களைப் பெருக்கும் திட்டத்தை, நார்வால் திமிங்கிலங்கள் விலகிப்போகின்றன என்று பாண்ட் இன்லெட் ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 2022இல் அரசு அதை நிராகரித்தது. லங்காஸ்டர் சவுண்டில், அதாவது இந்த வழியின் கிழக்கு வாயிலிலேயே, சுமார் 1,08,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்க இனுயிட் மக்களோடு 2019இல் உடன்பாடு ஏற்பட்டது.

பனியே இல்லாமல் போனால் 234ஆம் பிரிவும் செல்லாமல் போகுமா?

வாதம் எழும், ஆனால் உடனே இல்லை. 'ஆண்டின் பெரும்பகுதி' என்பதே அளவுகோல். செப்டம்பரில் பனி முற்றிலும் விலகினாலும், சூரியன் எழாத மாதங்களில் கடல் மீண்டும் உறையும். அந்தச் சொற்கள் நீண்ட காலம் நிற்கும். இன்னொரு வரம்பைப் பலர் கவனிப்பதில்லை: போர்க்கப்பல்களுக்கும் அரசுக் கப்பல்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. 'போலார் சீ' இன்று வந்தாலும் 234ஆம் பிரிவைக் காட்டி அதை நிறுத்த முடியாது. ஆகவேதான் மாசுச் சட்டத்தோடு கனடா நிற்காமல், உள்நாட்டு நீர் என்ற வாதத்தையும் விடாமல் பிடித்திருக்கிறது.

இவ்வளவு ஆண்டுகளாகச் சண்டை என்றால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய்விடலாமே?

போயிருக்கக்கூடிய காலமும் வந்தது, நழுவியது. 1970இல் மாசுச் சட்டம் இயற்றியபோது, இதைப் பற்றிய வழக்கை ஏற்க மாட்டேன் என்று கனடா விலக்கு வைத்தது. 1985இல் 'போலார் சீ' வந்த பிறகு துணிந்து அந்த விலக்கை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், நிகரகுவா நாடு தன்மேல் தொடுத்த வழக்கின் காரணமாக, அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை இனி ஏற்கப்போவதில்லை என்று அமெரிக்கா அறிவித்தது. அதன் பிறகு இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே வழக்கு. இருவருக்கும் அதில் விருப்பமில்லை. தோற்றால் பிற நீரிணைகளிலும் அதையே காட்டித் தன் கடற்படையை மறிப்பார்கள் என்று அமெரிக்கா கருதுகிறது. கனடா தோற்றால் எல்லா நாட்டு நீர்மூழ்கிகளுக்கும் வழி திறந்துவிடும்.

ஆகவே நடைமுறைதான் சட்டத்தின் வேலையைச் செய்கிறது. 2019இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ கனடாவின் உரிமைக் கோரிக்கை முறையற்றது என்று பின்லாந்தின் ரோவனியெமியில் வெளிப்படையாகவே பேசினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் 'ஹீலி' என்ற பனியுடைப்புக் கப்பல் இந்த வழியைக் கடந்தது, 1988 ஒப்பந்தத்தின்படி, கனடாவின் ஒப்புதலோடு.